ஒரு மேடையும் பல கண்களும்

(மட்டாஞ்சேரியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பல காமிராக்களைக் கொண்டு படம் பிடிக்கும் முறையைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்தார்கள். இலக்கியமும் சமயமும் வரலாறும் பேசப்பட்டு வந்த இம்மேடையில் கருவிகளைப் பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்று சிலர் ஐயுறக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் இன்று இதனைப் பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு. நம் ஆண்டு விழாவை இனி மூன்று காமிராக்களைக் கொண்டு படமாக்கி வைப்பதா, அன்றி எப்போதும் போல் சில நிழற்படங்களோடு நிறுத்திக்கொள்வதா என்னும் கேள்வி நம் செயற்குழுவின் முன் நிற்கிறது. "விழா என்பது வந்து காண்பதற்கு, படம் பிடிப்பதற்கு அன்று" என்கிறார்கள் ஒரு சாரார். "வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் எவ்வாறு காண்பார்கள்?" என்று கேட்கிறார்கள் மற்றொரு சாரார். இரு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. அவ்வுண்மைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு, இம்முறை எங்ஙனம் தோன்றிற்று, எங்ஙனம் இயங்குகிறது, எங்கே நன்மை தருகிறது, எங்கே தீமை செய்கிறது என்பவற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கண் காணாதது

யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோரின் கதை நமக்குப் பாட்டி சொன்ன கதை. காலைத் தொட்டவன் தூண் என்றான். காதைத் தொட்டவன் முறம் என்றான். அவர்களை நாம் பேதையர் என்று சிரித்துவிடுகிறோம். உண்மையில் அவர்களுள் ஒருவனும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவனும் தான் நின்ற இடத்திலிருந்து கண்டதைக் கண்டபடியே கூறினான். குறை எங்கே இருந்தது? அவர்கள் கூறியவற்றையெல்லாம் கேட்டு, ஒன்றோடொன்று பொருத்தி, "இது யானை" என்று சொல்ல ஒருவன் இல்லாததே குறை. பல காமிரா முறையின் தத்துவம் முழுவதும் இக்கதையில் அடங்கிவிடுகிறது. பல இடங்களிலிருந்து காண வேண்டும். கண்டவற்றைப் பொருத்துவதற்கு ஒரு மனம் வேண்டும்.

வரலாற்றில் இதன் முதற் பெரும் சான்று ஒரு குதிரையைப் பற்றியது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்பது நெடுங்காலமாக வாதத்துக்குரியதாக இருந்தது. மனிதக் கண்ணால் அதைப் பிடிக்க இயலவில்லை. 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லேலண்டு ஸ்டான்போர்டு என்னும் செல்வரின் விருப்பப்படி, எட்வர்டு மைபிரிட்ஜ் என்பார் பந்தயப் பாதையின் ஓரத்தில் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே மெல்லிய கம்பிகள் கட்டப்பட்டன. குதிரை ஓடி வரும்போது ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு காமிராவை இயக்கிற்று. படங்களைக் கழுவிப் பார்த்தபோது வாதம் தீர்ந்தது. நான்கு கால்களும் ஒரு கணம் அந்தரத்தில் இருப்பது தெளிவாயிற்று. சினிமா பிறப்பதற்கு முன்பே பல காமிரா முறை பிறந்துவிட்டது என்பது இதனால் விளங்கும்.

நம் இளைஞர்களுக்குப் பிடித்த கிரிக்கெட்டிலிருந்தும் ஒரு சான்று காட்டுகிறேன். 1992 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த டெஸ்ட் போட்டியில், சச்சின் டெண்டுல்கர் ஓட்டத்தில் ஆட்டமிழந்தாரா இல்லையா என்பதைத் திடலில் நின்ற நடுவர் தாமே கூறாமல், தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் நடுவரிடம் விட்டார். அவ்வாறு மூன்றாம் நடுவரின் தீர்ப்பால் வெளியேறிய முதல் ஆட்டக்காரர் அவரே. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பந்து வரும் திசையில் நேரே நிற்கும் காமிரா எத்துணை உயர்ந்ததாயினும் ஓட்டத்தில் ஆட்டமிழந்ததைக் காட்டாது. கோட்டுக்குப் பக்கவாட்டில் நிற்கும் காமிராவே மட்டையின் நுனி கோட்டைக் கடந்ததா என்று காட்டும். எனவே காமிராவின் விலையைக் காட்டிலும் அது நிற்கும் இடமே பெரிது. இதனைச் செயற்குழுவினர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

திரைப்படத்தில்

சினிமாவில் எப்போதும் பல காமிராக்கள் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. திரைப்படத்தின் பொது வழக்கம் ஒரு காமிராதான். ஒரு காட்சியை முதலில் தொலைவிலிருந்து எடுப்பார்கள். பிறகு விளக்குகளை மாற்றி அமைத்து, அதே வசனத்தை மீண்டும் பேசச் செய்து, கதாநாயகன் முகத்தை அண்மையில் எடுப்பார்கள். அதன் பிறகு எதிரே நிற்பவர் முகம். ஒரே காட்சியை மூன்று முறை நடித்தால், படத்தொகுப்பாளர் அவற்றை ஒரே நிகழ்ச்சிபோல் இணைத்துவிடுவார். இதனால் ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியே அழகாக ஒளி அமைக்க முடிகிறது.

ஆனால் திரும்பச் செய்ய முடியாதவை சில உண்டு. எரிந்து விழும் வீட்டை மறுபடி எரிக்க முடியாது. ஆயிரம் பேர் கூடி ஓடும் காட்சியை மறுபடி நடத்துவது பெருஞ்செலவு. இத்தகைய இடங்களில்தான் திரைப்படத்தார் பல காமிராக்களை நாடுகிறார்கள். ஜெமினி எஸ். எஸ். வாசன் அவர்கள் 1948-ல் அளித்த "சந்திரலேகா"வின் முரசு நடனத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய பெரிய முரசுகளின் மேல் நங்கையர் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் முரசுகளின் உள்ளிருந்து வீரர்கள் வாளோடு வெளிப்படுகின்றனர். உயரத்திலிருந்து காணும்போது முரசுகளின் அணிவகுப்புத் தெரிகிறது. அருகிலிருந்து காணும்போது ஆடுவோரின் அடியும் முகமும் தெரிகின்றன. இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டால் அக்காட்சியின் வியப்புப் பாதியாகிவிடும். வீட்டுக்குச் சென்றதும் அக்காட்சியை மறுபடி ஒரு முறை இந்த நோக்கோடு பாருங்கள்.

பிற்காலத்தில் இன்னொரு துணிகர முயற்சியும் தமிழில் நடந்தது. 1999 ஏப்ரல் 5, 6 ஆகிய நாட்களில், 24 மணி நேரத்துக்குள், "சுயம்வரம்" என்னும் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பு முடிக்கப்பட்டது. 14 இயக்குநர்களும் 19 ஒளிப்பதிவாளர்களும் ஒரே நாளில் உழைத்த அச்செயல் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றது. படத்தின் கதையைப் பற்றி அவரவர் கருத்து வேறுபடலாம். அச்செயல் கற்பிப்பது யாதெனின், காமிரா பலவாகும்போது முன்னேற்பாடும் பலமடங்காக வேண்டும் என்பதே. யார் எங்கே, எப்போது, எதை எடுப்பது என்பது தாளில் எழுதி முடிவு செய்யப்படாவிடில், 19 காமிராக்கள் 19 குழப்பங்களாகவே முடிந்திருக்கும்.

நம் கொச்சிக்கும் இத்துறையில் ஒரு பெருமை உண்டு. காக்கநாட்டு நவோதயா நிறுவனத்தார் 1984-ல் அளித்த "மை டியர் குட்டிச்சாத்தான்" இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். ஜிஜோ இயக்கிய அப்படத்தின் ஒளிப்பதிவாளர், தமிழில் "உதிரிப்பூக்கள்" படத்தை அழகுறப் பதிவு செய்த அசோக்குமார். நம் இரு கண்களும் சிறிது இடைவெளியில் இருப்பதால் ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட காட்சியைக் காண்கிறது. மூளை அவ்விரண்டையும் கூட்டி ஆழத்தை அறிகிறது. அதே போன்று இரு காட்சிகளைப் பதிவு செய்து, கண்ணாடி வழியாக ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொன்றைக் காட்டியதே அப்படத்தின் மாயம். இரண்டாவது பார்வை ஒன்று சேரும்போது வெறும் அளவு மட்டும் கூடுவதில்லை. இல்லாத ஆழம் ஒன்று உண்டாகிறது. அன்று காகிதக் கண்ணாடி அணிந்து, திரையிலிருந்து நீண்டு வந்த பொருளைக் கைநீட்டிப் பிடிக்க முயன்ற குழந்தைகள் இன்று நம்மிடையே பெற்றோராக அமர்ந்திருக்கிறார்கள்.

தொலைக்காட்சியில்

பல காமிரா முறை உண்மையில் குடியேறிய வீடு தொலைக்காட்சியே. அங்கே நிகழ்ச்சியை நிறுத்தி நிறுத்தி எடுக்க நேரம் இல்லை. நடப்பது நடந்துகொண்டே இருக்கும். காமிராக்கள் அதைத் துரத்த வேண்டும். 1951 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிய "ஐ லவ் லூசி" என்னும் நகைச்சுவைத் தொடர் இதில் ஒரு திருப்புமுனை. பார்வையாளர்களை எதிரே அமர வைத்து, நாடகம்போல் நடிக்கச் செய்து, மூன்று சினிமாக் காமிராக்களால் ஒரே நேரத்தில் பிலிமில் பதிவு செய்தார்கள். "மெட்ரோபோலிஸ்" படத்தை ஒளிப்பதிவு செய்தவர்களுள் ஒருவரான கார்ல் பிராய்ண்ட் என்னும் ஜெர்மானியக் கலைஞர், மூன்று கோணங்களுக்கும் ஒருங்கே பொருந்துமாறு ஒளியமைப்பை வகுத்துக் கொடுத்தார். அக்காலத்து நேரலை நிகழ்ச்சிகள் பல காற்றோடு போயின. பிலிமில் பதிந்த அத்தொடரோ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் காணக் கிடைக்கிறது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ல் டில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-ல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் "ஒளியும் ஒலியும்" பார்ப்பதற்காக ஒரு வீட்டில் ஒன்பது வீட்டார் கூடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். அப்பெட்டியில் நாம் கண்ட கச்சேரிகளும் நாடகங்களும் பட்டிமன்றங்களும் எவ்வாறு நம்மை வந்தடைந்தன? அரங்கில் மூன்று அல்லது நான்கு காமிராக்கள் நிற்கும். அவற்றின் படங்கள் அனைத்தும் பக்கத்து அறையில் வரிசையாக வைத்த பெட்டிகளில் தெரியும். அங்கே தயாரிப்பாளர் அமர்ந்து, எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்து, "இரண்டு தயார்... இரண்டு" என்பார். உடனே பொத்தான் அழுத்தப்படும். இரண்டாவது காமிராவின் தலையில் சிவப்பு விளக்கு எரியும். அவ்விளக்கு எரியும் வரையில் அக்காமிரா அசையக்கூடாது. எரியாத காமிராக்கள் அதற்குள் அடுத்த காட்சிக்குத் தங்களைச் சரிசெய்துகொள்ளும்.

இதற்கு உவமை தேடி நாம் வெகு தொலைவு போக வேண்டியதில்லை. கொச்சிக் கோட்டைக் கரையில் உள்ள சீன வலையைப் பாருங்கள். வலையை ஒருவரால் தூக்க முடியாது. கல் கட்டிய கயிறுகளைச் சிலர் இழுக்கின்றனர். ஒருவர் மரத்தின் மேல் நடந்து பாரத்தைச் சமன் செய்கிறார். ஒருவர் குரல் கொடுக்கும்போதுதான் எல்லோரும் ஒன்றாக இழுக்கின்றனர். ஒரு கை முந்தினாலும் பிந்தினாலும் மீன் நழுவிவிடும். பல காமிராப் படப்பிடிப்பும் அவ்வாறே. பலருடைய கை, ஒருவருடைய குரல்.

நாம் செய்ய வேண்டுமாயின்

இன்று இதற்குப் பெரும் நிலையமோ பெரும் பொருளோ வேண்டுவதில்லை. இக்கூட்டத்தில் இருப்போர் பைகளில் உள்ள கைபேசிகளுள் மூன்றே போதும். ஆனால் சில ஒழுங்குகள் இன்றியமையாதவை. அவற்றை நம் இளைஞர்களின் பொருட்டுச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு காமிராவுக்கும் ஒரு கடமை வேண்டும். ஒன்று மண்டபத்தின் பின்னே உயரத்தில் நின்று மேடை முழுவதையும் இடையறாது எடுக்க வேண்டும். அது அசையவே கூடாது. மற்றவை தவறினாலும் காப்பாற்றும் காமிரா அதுவே. இரண்டாவது, பேசுவோரையும் ஆடுவோரையும் முழங்காலுக்கு மேல் எடுக்கட்டும். மூன்றாவது, முகங்களையும் கைகளையும் தேடட்டும். மிருதங்கக்காரரின் விரல், நட்டுவாங்கம் செய்பவரின் தாளம், முதல் முறையாக மேடை ஏறிய குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் முகம். இவை பின்வரிசைக் காமிராவுக்கு ஒருபோதும் கிட்டா. மூன்று காமிராவும் ஒரே காட்சியை எடுப்பதாயின் இரண்டை வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.

இரண்டாவது, எல்லைக்கோடு. பட்டிமன்றத்தில் இரு கட்சியினர் எதிரெதிரே அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவர்களை இணைத்து ஒரு கோடு தரையில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காமிராக்கள் அனைத்தும் அக்கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்று மறுபக்கம் தாண்டிவிட்டால், படத்தில் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் தோன்றும். எதிராளி எங்கே போனார் என்று பார்ப்போர் திகைப்பர். நடனத்திலும் வலமாகச் சென்ற பெண் அடுத்த கணம் இடமாகச் செல்வாள்.

மூன்றாவது, எல்லாக் கருவிகளும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆகவே சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடிக்கு 25 படச்சட்டம், ஒவ்வொன்றும் நொடியில் 50-ல் ஒரு பங்கு என்று வைத்தால் அத்துடிப்புப் படத்தில் தெரியாது. வண்ண அமைப்பைத் தானியங்கியாக விடாமல் மூன்றிலும் ஒன்றாக நிறுத்திவிட வேண்டும். இன்றேல் ஒரே பட்டுப்புடவை ஒரு காமிராவில் அரக்காகவும் மற்றொன்றில் ஆரஞ்சாகவும் தோன்றும். புடவை உடுத்தியவர் நம்மை எளிதில் மன்னிக்கமாட்டார்.

நான்காவது, காலப் பொருத்தம். மூன்று காமிராக்களையும் ஓடவிட்டபின் மேடையில் ஒருவர் நின்று ஓங்கி ஒரு முறை கைதட்ட வேண்டும். அவ்வொலியும் கைகள் சேரும் காட்சியும் மூன்று பதிவுகளையும் பொருத்துவதற்கான முடிச்சு. சினிமாவில் கட்டை அடிப்பதும் இதற்கே. கைபேசிகளின் கடிகாரம் நெடுநேரத்தில் சற்றே பிசகும். ஆதலால் முடிவிலும் ஒரு கைதட்டல் நல்லது. இடையில் எதையும் நிறுத்தக்கூடாது. தொலைபேசி அழைப்பு வந்து பதிவைக் குலைக்காதபடி விமானப் பயண நிலையில் வைத்துவிட வேண்டும்.

ஐந்தாவது, ஒலி. காட்சி பலவாக இருக்கலாம். ஒலி ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடைக்கு 17 மீட்டர் பின்னே நிற்கும் கைபேசிக்குப் பாட்டு, நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாகவே வந்து சேரும். அது ஒரு படச்சட்டத்துக்கும் மிகுதி. அதற்குள் விசிறியின் ஓசையும், இருமலும், குழந்தையின் அழுகையும் கலந்துவிடும். எனவே மைக் பெட்டியிலிருந்தோ, மேடையருகே வைத்த தனிக்கருவியிலிருந்தோ ஒலியைப் பதிந்து, மூன்று காட்சிகளுக்கும் அதனையே பயன்படுத்த வேண்டும். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வர். கேளாத பேச்சைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள்.

காமிராவின் கண்ணியம்

இனி, படப்பிடிப்பை வேண்டாமென்போர் கட்சியைக் கேட்போம். அவர்கள் சொல்வதில் ஆழ்ந்த நியாயம் உண்டு. இன்றைய திருமணங்களில் நடப்பதை நாம் அனைவரும் கண்டுவருகிறோம். வாழ்த்த வந்த பெரியோர் கையில் அட்சதையோடு காத்திருக்கின்றனர். மங்கல நாண் பூட்டும் நேரத்தில் மணமேடையைச் சுற்றிக் காமிராக்காரர்கள் சுவர்போல் நின்றுவிடுகின்றனர். மேளம் கொட்டுவதைக் கேட்டு, நடந்துவிட்டது என்று ஊகித்து, அவர்கள் முதுகின் மேல் நாம் அட்சதை தூவுகிறோம். சாட்சியாக அழைக்கப்பட்டவர்கள் சாட்சியாக முடியவில்லை. பிற்காலத்தில் காண்பதற்காக இக்காலத்தில் காண்பதை இழப்பது எவ்வகை அறிவுடைமை?

ஒரு செய்தி சொல்கிறேன். 1953 ஜூன் 2-ல் இங்கிலாந்தின் எலிசபெத் அரசியாருக்கு முடிசூட்டு விழா நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தினுள் தொலைக்காட்சிக் காமிராக்கள் அனுமதிக்கப்பட்டன, கோடிக்கணக்கானோர் கண்டனர். ஆயினும் திருத்தைலம் பூசும் புனிதமான கணம் வந்தபோது காமிராக்கள் விலகிக்கொண்டன. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 மே 6-ல் அவர் மகனாருக்கு முடிசூட்டியபோதும் அக்கணம் திரைகளால் மறைக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த கருவிகள் அனைத்தும் அங்கே இருந்தன. காட்டாமலிருக்கும் கட்டுப்பாடும் இருந்தது. நம் ஆலயங்களின் கருவறையில் காமிராவுக்கு இடமில்லாத வழக்கத்தை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஆகவே பல காமிரா முறையை மேற்கொள்வதாயின் அதற்கு ஒரு கண்ணியம் வகுத்துக்கொள்ள வேண்டும். வியப்பு என்னவென்றால், காமிரா பலவாகும்போது இந்தக் கண்ணியம் எளிதாகிறது. ஒரே காமிரா வைத்திருப்பவர் எல்லாவற்றையும் தாமே பிடிக்க வேண்டியிருப்பதால் மேடையைச் சுற்றி ஓடுகிறார். எல்லோர் பார்வையையும் மறைக்கிறார். மூன்று இருந்தால் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே ஓரமாக நிற்கலாம். நன்கு வகுத்த மூன்று காமிராக்கள், அலைகின்ற ஒரு காமிராவைக் காட்டிலும் குறைந்த இடையூறே செய்யும்.

அன்றியும், படமாகும் ஒவ்வொருவருக்கும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குழந்தைகளின் ஆட்டத்தைப் பெற்றோர் இசைவின்றி இணையத்தில் யாவரும் காணுமாறு விடலாகாது. உணவுப் பந்தியில் காமிரா வேண்டாம். மேடையில் வரி மறந்து அழுதுவிட்ட சிறுமியின் காட்சி வேடிக்கைப் பொருளாக வீடுதோறும் சுற்றக்கூடாது. தொகுப்பவர் கையில் கத்திரி இருப்பது இதற்காகவும்தான்.

எதற்காக இவ்வளவும்?

இறுதியாக, இவ்வளவு முயற்சியும் எதற்காக என்னும் கேள்விக்கு வருகிறேன். விழா நன்றாக நடந்தது என்று நாமே பார்த்து மகிழ்வதற்கு மட்டுமாயின் எனக்கும் இதில் பெரிய அக்கறை இல்லை.

தமிழகத்தில் எடுக்கப்பட்ட முதற் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் "கீசகவதம்" இன்று இல்லை. 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்" இல்லை. மலையாளத்தின் முதற் படமாகிய "விகதகுமாரன்" இல்லை. அதனை எடுத்த ஜே. சி. டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்தோடு தொடர்புடையவர் என்பதை இங்குள்ள தமிழர் பெருமையோடு நினைவுகூரலாம். இலண்டனின் பி.பி.சி. நிறுவனமே 1960-களிலும் 1970-களிலும் தன் நாடாக்கள் பலவற்றை அழித்து மறுபடி பயன்படுத்தியது. பெரிய நிறுவனங்களின் பொருளே இவ்வாறு போகுமாயின், ஒரு சிறு சங்கத்தின் நினைவுகள் என்ன ஆகும்?

நாம் வாழும் இந்த மட்டாஞ்சேரியில் எத்தனையோ மொழிகள் ஒரே தெருவில் நடக்கின்றன. கொங்கணியும் குஜராத்தியும் உருதுவும் மலையாளமும் தமிழும் கடைவாசலில் கலந்து பேசப்படுகின்றன. சற்றுத் தள்ளி, கொச்சிக் கோட்டையின் வெளி மைதானத்தருகே, வெளுப்புத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் சீருடைகளை வெளுப்பதற்காக வந்தோரின் வழியினர் அவர்கள். 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த தோபிக்கானாவில் இன்றும் கையால் துவைக்கிறார்கள், கஞ்சி போடுகிறார்கள், முறுக்கிய கயிறுகளின் இடையே செருகித் துணி உலர்த்துகிறார்கள், கரி நிறைத்த கனத்த பெட்டியால் தேய்க்கிறார்கள். முந்நூறு ஆண்டுகள் வேற்று மண்ணில் வாழ்ந்தும் அவர்கள் வீட்டில் தமிழ் கேட்கிறது. அத்தொழிலைத் தங்கள் பிள்ளைகள் தொடர்வார்களா என்பது அவர்களுக்கே ஐயம்.

அத்தகைய ஒரு பெரியவர் கயிற்றை முறுக்கித் துணியைச் செருகும் விதத்தை ஒரு காமிராவால் எவ்வாறு காட்டுவீர்கள்? கையை எடுத்தால் முகம் போகும். முகத்தை எடுத்தால் கை போகும். "இன்னொரு முறை செய்து காட்டுங்கள், ஐயா" என்றால் அவர் காமிராவுக்காகச் செய்வாரேயன்றித் தொழிலுக்காகச் செய்யமாட்டார். நம் வீடுகளில் இருக்கும் பாட்டிமார் பாடும் தாலாட்டும் அவ்வாறே. பாடும் அவர் வாயும், கேட்டுக்கொண்டே உறங்கும் குழந்தையின் கண்ணும் ஒரே நேரத்துக்கு உரியவை. ஒன்றை இன்றும் மற்றொன்றை நாளையும் எடுக்க முடியாது. ஒரு முறையே நிகழும் ஒன்றைப் பல பக்கமும் காண்பதே இம்முறையின் உயிர் என்று தொடக்கத்தில் கண்டோம். குதிரையின் ஓட்டத்துக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் அம்முறை தகுமாயின், நம் மூத்தோரின் சொல்லுக்கும் தொழிலுக்கும் தகாதா?

எனவே செயற்குழுவின் முன் என் கருத்தை இவ்வாறு வைக்கிறேன். ஆண்டு விழாவை மூன்று காமிராக்களால் எடுப்போம். ஆனால் அதனைப் பயிற்சியாகவே கொள்வோம். அப்பயிற்சி பெற்ற இளைஞர்கள், அடுத்த விழா வருவதற்குள், நம் சங்கத்துப் பெரியோர் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில், அவரவர் இசைவோடு, ஒரு மணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்யட்டும். ஒருவர் வந்த வழி, செய்த தொழில், அறிந்த பாட்டு, சமைத்த பண்டம், இவ்வூர் கலந்த அவருடைய தமிழ் ஆகிய இவையே நம் செல்வம்.

பதிவு செய்வதோடு பணி முடியாது. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு 11 ஜிகாபைட் அளவு இடம் வேண்டும் என்று கொண்டால், மூன்று காமிராக்கள் மூன்று மணி நேரம் எடுத்தவற்றுக்கு ஏறத்தாழ 100 ஜிகாபைட் ஆகும். அதனை இரண்டு தனித்தனி வட்டுகளில் படியெடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை திறந்து சரிபார்க்க வேண்டும். நம் ஊரின் மழைக்கால ஈரம் காமிராவின் கண்ணாடியிலும் பூஞ்சை பிடிக்கச் செய்யும். கருவிகளை ஈரமுறிஞ்சும் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் பெயர், நாள், இடம் எழுதிவைக்க வேண்டும். பெயரெழுதாத படம் சில ஆண்டுகளில் அந்நியர் படமாகிவிடும்.

செலவு பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். கருவி நம் கைகளிலேயே இருக்கிறது. வேண்டுவன மூன்று ஸ்டாண்டுகள், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு வட்டுகள், சில இளைஞர்களின் மாலை நேரம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே அரியது. அதனைத் தர முன்வருமாறு இளைஞர்களையும், தங்கள் பிள்ளைகளுக்கு அந்நேரத்தை விட்டுக்கொடுக்குமாறு பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். பெரியோர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள் உண்டு. பிள்ளைகள் காமிராவோடு உங்கள் வாசலுக்கு வரும்போது, "என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?" என்று கூறித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது வேறு எவரிடமும் இல்லை.